படத்துக்கு ஒரு பெல்ட்

விடுமுறை நாளில் மொட்டை மாடிக் கொடியில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. அதனால் அவள் வெயில் ஏறுவதற்கு முன்பே வாளியைத் தூக்கிக்கொண்டு ஐந்து மாடியும் ஏறி வந்திருந்தாள். லிஃப்ட் வரும் என்று கட்டடம் கட்டியவர் சொல்லியிருந்தார், சொன்னதோடு சரி. மூச்சு வாங்க நின்று, கொடியைத் துடைத்து, நீலப் போர்வையை உதறி விரித்தபோதுதான் படிக்கட்டுப் பக்கம் ஆள் சத்தம் கேட்டது.

மூன்று பேர் வந்தார்கள். முன்னால் வந்தவர் நரைத்த மீசைக்காரர். மற்ற இருவரும் அவரை மேஸ்திரி என்று கூப்பிட்டார்கள். பின்னால் அந்த இருவரும், பலகை போல நீண்ட வெள்ளை ஆன்டெனா ஒன்றைப் பெட்டியோடு சுமந்து வந்தார்கள். அவர்களில் ஒருவன் படிக்கட்டு அறையின் வாசலில் தலையை இடித்துக்கொண்டு, "எந்தக் குள்ளன் கட்டின வீடுடா இது" என்று நெற்றியைத் தடவினான். அவனைப் பார்த்தாலே பேர் தெரிந்தது. நெட்டை என்றுதான் கூப்பிட்டார்கள்.

படிக்கட்டு அறையின் கூரைமேல் போன வாரமே ஓர் இரும்புக் கம்பம் நட்டிருந்தார்கள். போன் கோபுரத்துக்கு இடமில்லாத நெருக்கமான தெரு. அதனால் மாடிமேலேயே கம்பம் நட்டு ஆன்டெனா மாட்ட ஒரு போன் கம்பெனி கேட்டது. குடியிருப்பவர்கள் கூட்டம் போட்டுப் பேசினார்கள். கீழ்வீட்டுக்காரர், அலை பட்டால் தலைமுடி கொட்டிவிடும் என்றார். "சார், உங்களுக்கு அந்தக் கவலை எதுக்கு" என்று யாரோ பின்வரிசையிலிருந்து கேட்க, அவருடைய பளபளக்கும் தலையைப் பார்த்து எல்லோரும் சிரித்துவிட்டார்கள். வருகிற வாடகையில் கட்டடத்துக்கு வெள்ளையடிக்கலாம் என்றதும் கூட்டம் முடிந்துவிட்டது. சுவர் தாங்குமா, ஒழுகுமா, இரைச்சல் வருமா என்று எல்லாம் கேட்டார்கள். மேலே ஏறுகிறவன் எப்படி ஏறுவான் என்று மட்டும் யாரும் கேட்கவில்லை. அவளும் கேட்கவில்லை.

கேட்டிருக்க வேண்டியவள் அவள்தான். ஏனென்றால் அவளுடைய பிழைப்பே அது.

ஊரின் மறுகோடியில், போன் கம்பெனிக்கு ஆன்டெனா மாட்டிக் கொடுக்கும் ஓர் அலுவலகத்தில், திரைக்கு முன்னால் உட்கார்ந்து, மாடிகளிலிருந்து வரும் படங்களைப் பார்ப்பது அவள் வேலை. கம்பத்தில் ஏறுகிறவன் தலையில் தொப்பி இருக்கிறதா, உடம்பில் பெல்ட் இருக்கிறதா, பெல்ட்டின் கொக்கி கம்பத்தில் மாட்டியிருக்கிறதா என்று பார்ப்பாள். எல்லாம் சரியென்றால் பச்சைப் பொத்தான். இல்லையென்றால் சிவப்பு. பச்சை விழாத வேலைக்குக் கூலி கிடையாது. கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பவள் என்று பேர் வாங்கியிருந்தாள். தாடைப் பட்டை தளர்ந்திருந்தால்கூடப் பிடித்துவிடுவாள். அவள் கையிலிருந்து தப்பாது என்று அலுவலகத்தில் அவளுக்குச் சல்லடை என்றே பட்டப்பெயர். அதில் அவளுக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

மூவரும் போட்டிருந்த ஆரஞ்சு மேல்சட்டையைப் பார்த்ததும் தன் கம்பெனி ஆட்கள் என்று தெரிந்துவிட்டது. சொல்லவில்லை. விடுமுறை நாளில் யாருக்கு வேலையைப் பற்றிப் பேசப் பிடிக்கும்.

"முதல்ல படம், அப்புறம் வேலை" என்றார் மேஸ்திரி, போனை எடுத்துக்கொண்டே.

பையிலிருந்து பெல்ட் வெளியே வந்தது. தோளிலும் இடுப்பிலும் தொடையிலும் வார் வைத்த முழு உடம்புப் பெல்ட். இடது தோள் பட்டையில் வெள்ளைப் பெயின்ட் சிந்திக் காய்ந்திருந்தது. மேஸ்திரி அதை மாட்டிக்கொண்டு ஏணியில் ஏறி, கம்பத்தைப் பிடித்தபடி நின்றார். மூன்றாவது ஆள் படம் எடுத்தான். அவர் இறங்கி, கழற்றி, அவனுக்குக் கொடுத்தார். அவன் மாட்டிக்கொண்டு ஏறினான். ஒரு கல்யாணத்தில் ஒரே கோட்டை மாற்றி மாற்றிப் போட்டு நண்பர்கள் படம் எடுத்துக்கொள்வது போல இருந்தது. அவளுக்குச் சிரிப்புக்கூட வந்தது.

கடைசியாக நெட்டை. அவன் உயரத்துக்குப் பெல்ட் போதாமல் தொடை வார் இறுக்கிப் பிடித்தது. "இதுல நான் நிமிர்ந்தா கொக்கி போயிடும் மேஸ்திரி, குனிஞ்சா மூச்சு போயிடும்" என்றான்.

"அக்கா, அந்தப் போர்வையக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிங்க. படத்துல விழுது" என்று மேஸ்திரி கேட்டார்.

அவள் போர்வையின் ஓரத்தைப் பிடித்து ஒதுக்கினாள். ஒதுக்கியவள் சும்மா இருந்திருக்கலாம். ஆனால் நாள் முழுவதும் பார்த்துப் பழகிய கண் சும்மா இருக்கவில்லை. அவன் நின்ற நிலையில் கொக்கி அவன் கைக்குப் பின்னால் மறைந்திருந்தது. இந்தப் படம் வந்திருந்தால் அவளே சிவப்பைத் தட்டியிருப்பாள்.

"தம்பி, கொக்கி தெரியல. இடது பக்கம் திரும்பி, கையக் கொஞ்சம் இறக்குங்க. இல்லன்னா திருப்பி அனுப்பிடுவாங்க."

நெட்டை திரும்பினான். கையை இறக்கினான். கொக்கி வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

"நீங்க ஆபீஸாக்கா?" என்று மேஸ்திரி ஆச்சரியத்தோடு கேட்டார். அவள் தலையை மட்டும் ஆட்டினாள். அவர் முகம் மலர்ந்துவிட்டது. போன மாசம் நல்ல படத்தையே திருப்பி அனுப்பி அலைய விட்டுவிட்டார்கள் என்றும், உங்களைப் போல ஒருவர் பக்கத்தில் நின்று சொல்லிக்கொடுத்தால் எவ்வளவு நன்றாக இருக்கும் என்றும் சொன்னார். அவளுக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

படம் போய்ச் சேர்ந்ததும் நெட்டை பெல்ட்டைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியின் குழாயில் தொங்கவிட்டான். அவள் அதைப் பார்த்தாள். ஏன் கழற்றுகிறாய் என்று கேட்க வாய் எடுத்தாள். மேஸ்திரியே முந்திக்கொண்டு, கேட்காத கேள்விக்குப் பதில் சொன்னார். ஆளுக்கொன்று கேட்டார்களாம். படத்துக்கு ஒன்று போதாதா என்று சாமான் கொடுப்பவர் சிரித்தாராம். இருக்கிற ஒன்றையும் மாட்டிக்கொண்டு அடிக்கு அடி கொக்கியைக் கழற்றி மாட்டிக்கொண்டிருந்தால் மதியத்துக்குள் இன்னொரு மாடிக்குப் போக முடியாதாம்.

நெட்டை பெல்ட் இல்லாமலே கம்பத்தில் ஏறினான். அவள் போர்வையின் சுருக்கத்தை நீவிவிட்டாள். அடுத்த துணியை எடுக்கக் குனிந்தாள்.

ஸ்பேனர்தான் முதலில் விழுந்தது. சிமென்ட் தரையில் அது துள்ளித் துள்ளி உருண்ட சத்தம் கேட்டு நிமிர்ந்தாள். காற்றில் ஆன்டெனா ஒருபுறம் திரும்பியது. அதைப் பிடிக்க நெட்டை எட்டினான். எட்டிய கைக்கு ஒன்றும் அகப்படவில்லை. கத்தவில்லை. படிக்கட்டு அறைக் கூரையின் விளிம்பில் இடுப்பு இடிக்க, அங்கிருந்து கொடியோடும் போர்வையோடும் சேர்ந்து அவள் வாளிக்குப் பக்கத்தில் வந்து விழுந்தான். மறுபக்கம் விழுந்திருந்தால் தெரு.

 மேஸ்திரிதான் குதித்து வந்து, அசைக்காதே, அசைக்காதே என்று தன்னிடமே சொல்லிக்கொண்டிருந்தார். லிஃப்ட் இல்லாத கட்டடம். நீலப் போர்வையில் கிடத்தி, சத்தம் கேட்டு ஓடி வந்த கீழ்வீட்டுக்காரரையும் சேர்த்து நாலு மூலையையும் நாலு பேர் பிடித்து, ஐந்து மாடியும் இறக்கினார்கள். ஒவ்வொரு திருப்பத்திலும் அவன் பல்லைக் கடித்துக்கொண்டு முனகினான். அவளும் ஒரு மூலையைப் பிடித்திருந்தாள்.

எல்லோரும் போனபிறகு மொட்டை மாடிக்குத் திரும்பி வந்தாள். ஈரத் துணிகள் தரையில் கிடந்தன. தொட்டிக் குழாயில் பெல்ட் தொங்கிக்கொண்டிருந்தது. அதன் கொக்கி காற்றில் குழாயைத் தட்டித் தட்டி, யாரோ கதவைத் தட்டுவது போல ஓசை கொடுத்தது. 

மறுநாள் அலுவலகத்தின் வரவேற்பறையில் நுழைந்ததும் அவள் கண் பொம்மைமேல் விழுந்தது. தினமும் கடந்து போகிற பொம்மைதான். ஆள் உயரம். மஞ்சள் தொப்பி, புத்தம்புதிய பெல்ட், பளபளக்கும் கொக்கி. வேலை கொடுக்கும் பெரிய போன் கம்பெனிக்காரர்கள் வரும்போது கண்ணில் படட்டும் என்று வாசலிலேயே நிறுத்தியிருந்தார்கள். பெல்ட்டில் ஒரு தூசு இல்லை. துடைக்க ஆள் உண்டு.

இருக்கையில் உட்கார்ந்து திரையைத் திறந்தாள். வரிசையில் இருந்த படங்களைத் தள்ளிக்கொண்டே வந்தவள் நின்றுவிட்டாள். மேஸ்திரி. மூன்றாவது ஆள். நெட்டை. தனித்தனியாக மூன்று படங்கள். மூன்றிலும் இடது தோளில் அதே வெள்ளைப் பெயின்ட். கடைசிப் படத்தில் நெட்டை இடது பக்கம் திரும்பி, கையை இறக்கி, அவள் சொன்னபடியே நின்றிருந்தான். கொக்கி அவ்வளவு தெளிவாகத் தெரிந்தது. படத்தின் ஓரத்தில் நீலப் போர்வையின் விளிம்பு. அதைப் பிடித்திருந்த நாலு விரல்கள்.

பெயின்ட் சிந்திய அந்தப் பெல்ட்டை இதற்கு முன்னும் பார்த்திருக்கிறோம் என்று அவளுக்குத் தோன்றியது. பழைய படங்களைத் தேடினாள். எத்தனையோ மாடிகள், எத்தனையோ முகங்கள், அதே பெல்ட். எல்லாவற்றுக்கும் பச்சை. எல்லாம் அவள் கொடுத்த பச்சை. தாடைப் பட்டையைப் பார்த்த கண் இதைப் பார்க்காமலா இருந்திருக்கும். பார்த்திருக்கிறது. கேட்கச் சொல்லி யாரும் சொல்லாததால் கேட்காமல் விட்டிருக்கிறது.

மேனேஜர் கூப்பிட்டு அனுப்பினார். நல்ல மனுஷன், பெண்களிடம் குரல் உயர்த்தமாட்டார். நேற்று ஒரு மாடியில் ஓர் ஆள் விழுந்துவிட்டான் என்றும், இடுப்பு எலும்பு உடைந்திருக்கிறது என்றும், பாவம் என்றும் சொன்னார். பிறகு திரையைத் திருப்பிக் காட்டினார்.

"இந்தப் படத்தைப் பாரும்மா. கொக்கி எவ்வளவு சுத்தமாத் தெரியுது. இது ஒண்ணு போதும், நம்ம மேல கை வைக்க முடியாது. பெல்ட் குடுத்தோம், போட்டான், அப்புறம் அவனாக் கழட்டினான். அவன் இஷ்டம்."

அவள் செய்ய வேண்டியது இவ்வளவுதான்: மூன்று படங்களுக்கும் பச்சை கொடுக்க வேண்டும், மூன்று பேரும் தனித்தனிப் பெல்ட் அணிந்திருந்ததைச் சரிபார்த்தேன் என்று ஒரு வரி எழுதித் தர வேண்டும். உன் கண்ணுக்கு ஒரு மரியாதை இருக்கிறது, நீ எழுதினால் யாரும் மறுபேச்சுப் பேசமாட்டார்கள் என்றார். அப்படியானால் அவனுடைய வைத்தியச் செலவு என்று அவள் கேட்டாள். அவனாகக் கழற்றியதற்குக் கம்பெனி எப்படிப் பொறுப்பாகும் என்று அவர் திருப்பிக் கேட்டார்.

தலை வலிக்கிறது, நாளைக்குச் செய்கிறேன் என்று சொல்லிவிட்டு வெளியே வந்தாள். கால் தானாக ஆஸ்பத்திரிப் பக்கம் நடந்தது.

கட்டில் அவனுக்குப் போதவில்லை. பாதம் கம்பிக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் அவன் மனைவி, வார்டில் எல்லா முகமும் ஒன்றுபோலத் தெரிகிற களைப்போடு ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். அந்த மாடி வீட்டுக்காரி என்று இவள் சொன்னதும் எழுந்து, மடித்து வைத்திருந்த நீலப் போர்வையை எடுத்து நீட்டினாள்.

"துவைச்சு வெச்சேன்க்கா. கறை முழுசாப் போகல."

நெட்டை கண்ணைத் திறந்தான். இவளை அடையாளம் கண்டுகொள்ளக் கொஞ்ச நேரம் பிடித்தது. பிறகு சிரிக்கப் பார்த்தான்.

"அக்கா, படம் பாஸ் ஆயிடுச்சா?"

 அவன் கேலியாகக் கேட்கவில்லை. பாஸ் ஆகாவிட்டால் மற்ற இரண்டு பேருக்கும் கூலி வராது. அந்தக் கவலை அவனுக்கு. நீங்கள் சொன்னபடியே நின்றேனே என்று நம்பிக்கையோடு அவள் முகத்தையே பார்த்தான்.

அலுவலகத்திலிருந்து யாரோ வந்து, பெல்ட்டை நீயாகத்தானே கழற்றினாய் என்று கேட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். ஆமாம் என்றானாம். "கழட்டினது நான்தானேக்கா. யாரக் குத்தம் சொல்றது."

மனைவி போர்வையின் மடிப்பைச் சரிசெய்துகொண்டே, யாரையும் பார்க்காமல் கேட்டாள். "மூணு பேர் ஒரே நேரத்துல மேல ஏறினா, அந்த ஒண்ண யாருக்கா போட்டுக்கிறது?"

வார்டில் எங்கோ ஒரு தட்டு கீழே விழுந்தது. யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். சொல்வதற்கு அவளிடம் ஒன்றே ஒன்று இருந்தது. அதை இங்கே சொல்லிப் பயனில்லை. சொல்ல வேண்டிய இடம் வேறு.

அன்று சாப்பிட உட்கார்ந்தபோது கணவரிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் ஒரு பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவர். பேச்சுக் குறைவு.  கை கழுவிவிட்டு வந்து, ஊர் உலகமே அப்படித்தான் என்றார். போலீஸ் நிற்கிற முக்கு வரும்போதுதான் தானும் சீட் பெல்ட்டை இழுத்து மாட்டுவதாகவும், முக்குத் தாண்டியதும் கழற்றிவிடுவதாகவும் சொன்னார். பிள்ளைகள்கூட அதைப் பார்த்துப் பழகிவிட்டு, முக்கு வந்ததும் "மாமா, பெல்ட்" என்று கத்துமாம். சொல்லிவிட்டுச் சிரித்தவர், அவள் சிரிக்காததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

"எழுதிக் குடுக்கலன்னா வேலை போயிடும்ல?"

"போகலாம்."

"நீ அங்க நின்னு சொல்லிக் குடுத்தது அவங்களுக்குத் தெரியுமா?"

"தெரியாது. நாளைக்குத் தெரியும்."

அவர் அவளையே பார்த்தார். வேண்டாம் என்று சொல்லப்போகிறார் என்று அவள் காத்திருந்தாள். அவர்  எழுந்து போய் அந்தப் போர்வையை எடுத்து, வெளிச்சத்தில் பிடித்து, கறை இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி மடித்து வைத்தார்.

காலையில் அவரே வேனில் கொண்டுபோய் விடுகிறேன் என்றார். வண்டியில் ஏறி உட்கார்ந்தாள். சாவியைத் திருப்புவதற்கு முன் அவர் பட்டையை இழுத்தார். அது மாட்டிக்கொண்ட சத்தம் கேட்டது. 

வரவேற்பறையில் மேஸ்திரி உட்கார்ந்திருந்தார். மூன்று பெல்ட் வாங்கிக்கொண்டதாகக் கையெழுத்துப் போடச் சொல்லி வரவழைத்திருந்தார்கள். அவளைப் பார்த்ததும் எழுந்து நின்றார். நேற்று முன்தினம் மலர்ந்த முகம் இன்று சுருங்கிக் கிடந்தது. கையெழுத்துப் போடாவிட்டால் இனிமேல் வேலையே கிடையாதாம். கொஞ்சம் பொறுங்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு அவள் உள்ளே போனாள்.

திரையைத் திறந்தாள். மூன்று படங்களும் அப்படியே காத்திருந்தன. பச்சையின்மேல் பழகிய விரல் தானாகப் போய் நின்றது. அதை நகர்த்த அவள் தன் கையோடு கொஞ்சம் சண்டை போட வேண்டியிருந்தது. பிறகு சிவப்பைத் தட்டினாள். காரணம் எழுத ஒரு கட்டம் திறந்தது. வழக்கமாக 'கொக்கி தெரியவில்லை', 'படம் மங்கல்' என்று எழுதுகிற கட்டம். அதில் எழுதியது வேலை கொடுத்த பெரிய கம்பெனியின் திரைக்கும் அந்த நிமிஷமே போய்விடும். எழுதினால் திரும்ப எடுக்க முடியாது. அவளுக்கு அது தெரியும்.

எழுதினாள்: 'மூன்று படங்களிலும் இருப்பது ஒரே பெல்ட். தோளில் உள்ள பெயின்ட் கறையைப் பார்க்கவும். படம் எடுத்தபின் பெல்ட் கழற்றப்பட்டதையும், அது இல்லாமல் ஏறியவர் விழுந்ததையும் நேரில் பார்த்தேன். ஆளுக்கொரு பெல்ட்டோடு எல்லோரும் ஒரே படத்தில் நிற்காதவரை, யாருடைய படத்தையும் இனி ஏற்கமாட்டேன்.'

அனுப்பிவிட்டு, பழைய படங்களை ஒவ்வொன்றாகத் திறந்து, தான் கொடுத்த பச்சையையெல்லாம் சிவப்பாக்கத் தொடங்கினாள்.

பக்கத்து மேசைக்காரி எட்டிப் பார்த்தாள். "என்னடி பண்ற, பைத்தியமா உனக்கு" என்று கிசுகிசுத்தாள். இவள் தன் திரையைத் திருப்பி, அந்த வெள்ளைக் கறையை விரலால் காட்டினாள். அவள் பார்த்தாள். தன் திரைக்குத் திரும்பினாள். கொஞ்ச நேரம் கழித்து அவள் பக்கத்திலிருந்தும் தட்டும் சத்தம் கேட்டது. அவளுடைய வரிசையில் இருந்த ஆட்கள் எல்லோரும் பச்சை நூலால் தைத்த ஒரே பெல்ட்டைத்தான் போட்டிருந்தார்கள்.

மேனேஜர் அறைக்குள் கூப்பிடவில்லை. அவரே வெளியே வந்துவிட்டார். முதல்முறையாகக் குரல் உயர்ந்திருந்தது.

"யாரக் கேட்டு எழுதினே? நேர்ல பார்த்தேன்னு போட்டிருக்கியே, நீ எங்க பார்த்தே?"

அவள் நெட்டையின் படத்தைத் திறந்து, ஓரத்தைப் பெரிதாக்கினாள்.

"இந்த விரல் என்னுது சார். அது எங்க வீட்டு மாடி. கொக்கி தெரியற மாதிரி நில்லுன்னு அவருக்குச் சொல்லிக் குடுத்ததும் நான்தான்."

அந்தக் கூடம் முழுக்கத் தட்டும் சத்தம் நின்றுவிட்டது. மேனேஜர் படத்தையும் அவள் கையையும் மாறி மாறிப் பார்த்தார். குரலைத் தாழ்த்திக்கொண்டார். அப்படியானால் நீயும் மாட்டிக்கொள்வாய், யோசித்துப் பார், இன்னும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை, தவறுதலாக அனுப்பிவிட்டேன் என்று இன்னொரு வரி எழுதிவிடலாம் என்றார்.

"மாட்டிக்கணும் சார். என்னையும் சேர்த்துத்தான் எழுதியிருக்கேன்."

"அவன் கழட்டினதுக்கு நாம என்னம்மா பண்றது? கழட்டுன்னு யாராவது சொன்னோமா?"

"போட்டுக்கோன்னும் யாரும் சொல்லல சார். படம் எடுத்து அனுப்புன்னுதான் சொன்னோம். அவங்க அதச் சரியாத்தான் செஞ்சாங்க."

அவர் பதில் சொல்ல வாய் திறந்தபோது அவர் கையிலிருந்த போன் அடித்தது. எண்ணைப் பார்த்ததும் முகம் மாறியது. பெரிய கம்பெனிக்காரர்கள். அவர் கேட்டுக்கொண்டே நின்றார். முதலில் சார், சார் என்பதைத் தவிர வேறொன்றும் சொல்லவில்லை. மூன்று பெல்ட் கொடுத்ததற்கான சாட்சி எங்கே என்று கேட்கிறார்கள் என்பது அவர் முகத்திலிருந்தே தெரிந்தது. மதியம் அவர்களே வருகிறார்களாம். அடிபட்டவரின் வைத்தியச் செலவை ஏற்றுக்கொண்டாயிற்றா என்று கேட்டார்களாம். ஏற்றுக்கொண்டாயிற்று சார் என்று அவர் சொன்னது கூடம் முழுக்கக் கேட்டது. சொன்ன பிறகு அதை இல்லையென்று சொல்ல முடியாது.

போனை வைத்துவிட்டு, உன்னைப் பிறகு பார்த்துக்கொள்கிறேன் என்பது போல அவளைப் பார்த்தார். அவளும் பார்வையைத் தாழ்த்தவில்லை.

அவள் எழுந்து வரவேற்பறைக்கு வந்தாள். மேஸ்திரி முன்னால் அந்தத் தாளும் பேனாவும் அப்படியே இருந்தன.

"கையெழுத்துப் போடாதீங்க. நீங்க வாங்காத பெல்ட்டுக்கு நீங்க ஏன் கையெழுத்துப் போடணும்?"

"மதியம் ஒரு மாடி இருக்கே அக்கா. போகலன்னா அதுவும் போயிடும்" என்றார் அவர். போகிறபோது கையில் இருப்பது தொட்டிக் குழாயிலிருந்து எடுத்துவந்த அந்தப் பெயின்ட் சிந்திய பெல்ட் ஒன்றுதான். ஏறப்போவது இரண்டு பேர்.

 அவள் நேராகப் பொம்மையிடம் போனாள். தோள் பட்டையின் கொக்கியைக் கழற்றினாள். இடுப்பு வாரைத் தளர்த்தினாள். தொடை வார் இறுக்கமாக இருந்தது. மண்டியிட்டு உட்கார்ந்து அவிழ்த்தாள். வரவேற்பில் இருந்த பெண் பதறிப்போய் எழுந்து ஓடிவந்தாள்.

"அக்கா, அது வர்றவங்க பார்க்கிறதுக்கு வெச்சது. மேனேஜர் திட்டுவார்."

மேனேஜர் கதவருகே நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அவருக்குக் கேட்கட்டும் என்றே அவள் நிதானமாகச் சொன்னாள்.

"இந்த ஆபீஸ்ல நாள் முழுக்கப் பெல்ட் போட்டிருக்கிறது இந்தப் பொம்மை மட்டும்தான்மா. இது எந்த மாடியும் ஏறாது, எங்கயும் விழாது. ஏறுறவங்களுக்கு இல்லாத பெல்ட் இதுக்கு எதுக்கு?"

மேனேஜர் ஓரடி முன்னால் வைத்தார். வைத்த கால் அங்கேயே நின்றது. கூடத்திலிருந்து பக்கத்து மேசைக்காரியும் இன்னும் சிலரும் எழுந்து வந்து அவர் பின்னால் நின்றிருந்தார்கள்.  பெல்ட்டின் இரும்புக் கொக்கி அவள் கையில் மெல்ல ஒலித்தது.

புத்தம்புதிய பெல்ட்டை மேஸ்திரியின் கையில் கொடுத்தாள். அவர் அதைத் தொட்டுப் பார்த்தார். பழக்கத்தில் மற்றக் கை சட்டைப் பையிலிருந்த போனைத் தேடியது.

"படம் எப்படி எடுக்கணும்க்கா? எந்தப் பக்கம் திரும்பி நிக்கணும்?"

"எந்தப் பக்கம் வேணா நில்லுங்க மேஸ்திரி. முதல்ல போட்டுக்கிட்டு ஏறுங்க. கீழ கால் வைக்கிற வரைக்கும் கழட்டாதீங்க, நேரமானா ஆகட்டும், கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. பெல்ட் இருக்கிறது உசுரக் காப்பாத்த. நாங்க அதக் கம்பெனியக் காப்பாத்துற படமா மாத்திட்டோம். யாரோ பார்க்கிறாங்கன்னு போட்டுக்கிற பாதுகாப்பு, பார்க்கிறவனுக்குத்தான் பாதுகாப்பு. போட்டிருக்கிறவனுக்கு இல்ல."

மேஸ்திரி போனைப் பைக்குள்ளேயே விட்டுவிட்டார். தரையில் நின்றபடியே பெல்ட்டைத் தோளில் மாட்டி, இடுப்பை இறுக்கி, தொடை வார்களைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பூட்டினார். படம் எடுக்க அங்கே யாரும் இல்லை.